முகாரி போட்ட தரை

பந்து ‘டங்’ என்று எழும்பியிருக்க வேண்டும். ‘தொப்’ என்று உட்கார்ந்துவிட்டது.

முகாரி குனிந்து அதை எடுத்து, தோள் உயரத்திலிருந்து இன்னொரு முறை விட்டுப் பார்த்தார். தொப். பக்கத்துப் பலகைக்கு நகர்ந்து அங்கே விட்டார். டங். திரும்பப் பழைய இடத்துக்கே வந்து விட்டார். தொப்.

“எனக்குத் தெரியும்” என்றார். “எனக்கு அப்பவே தெரியும்.”

அவருக்கு எதுவும் தெரிந்திருக்கவில்லை. ஆனால் பால் திரிந்தாலும், பஸ் தவறினாலும், பக்கத்து வீட்டில் குழாய் வெடித்தாலும் அவர் வாயிலிருந்து முதலில் வருவது அந்த வாக்கியம்தான். தப்பித்தவறி நல்லது நடந்துவிட்டால், அதற்கென்று ‘இது எதுல போய் முடியுமோ’ என்று இன்னொரு வாக்கியம் கைவசம் இருந்தது. பட்டறையில் அவருக்கு முகாரி என்று பெயர் வைத்து இருபது வருடம் ஆகிறது. நிஜப் பெயர் இப்போது சம்பளச் சீட்டில் மட்டும்தான் உயிரோடு இருக்கிறது.

விளையாட்டு அரங்குகளுக்குத் தரை போடுவது அவர் தொழில். தரை என்றால் எல்லாரும் பார்க்கிற பளபளப்பான மேல்பலகை அல்ல. அதற்கு அடியில், யாரும் எட்டிப் பார்க்காத இடத்தில், ஒவ்வொரு பலகைக்கும் கீழே இருபது ரப்பர் பேடுகள் இருக்கும். உள்ளங்கை அகலம், விரல் கனம். உயரக் குதித்து இறங்குகிறவர்களின் முட்டியைக் காப்பாற்றுவது அந்த ரப்பர்தான். ரப்பர் கூடினால் தரை விறைத்துப்போய் முட்டியைப் பதம் பார்க்கும். குறைந்தால் தொய்ந்துபோய் பந்தை விழுங்கும். இரண்டுக்கும் நடுவில் நூலிழை அளவுக்கு ஒரு சரியான இடம் உண்டு. அதைத் தேடி இருபது வருடம் மண்டி போட்டதில் முகாரியின் முட்டிகள் இரண்டும் போய்விட்டன.

“ஊர்ல இருக்கிற முட்டிக்கெல்லாம் மெத்தை போடுறீங்க. உங்க முட்டிக்குத் தைலம் போட மட்டும் நேரமில்லை” என்பாள் அவர் மனைவி.

இந்த அரங்கில் வேலை சனிக்கிழமை முடிந்தது. நூற்றிருபது பலகைகள், இடது பாதியில் அறுபது, வலது பாதியில் அறுபது. தேவைப்பட்டால் கழற்றி மாட்டிக்கொள்ளும்படி போல்ட் போட்டுக் கோத்த தரை. ஆட்கள் அன்றைக்கே அடுத்த வேலைக்குக் கிளம்பிப் போனார்கள். அன்று மாலையே முகாரியின் வலது முட்டி பூசணிக்காயாக வீங்க, மூன்று நாள் படுக்கையோடு படுக்கையாகக் கிடந்தார். புதன்கிழமை காலை நொண்டிக்கொண்டே வந்து, தன் வழக்கப்படி பலகை பலகையாகப் பந்தைப் போட்டுப் பார்த்தவருக்கு, இடது பாதியின் நாற்பத்தேழாவது பலகை இப்படிக் கையை விரித்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் செல்போன் அடித்தது. முதலாளி. முதலாளி என்றால் வெறும் முதலாளி அல்ல, மனைவியின் அண்ணன்.

“என்ன மாப்பிள்ளை, முட்டி எப்படி இருக்கு?”

“இருக்கு மச்சான்.”

“டெஸ்ட்காரங்க ஃபோன் பண்ணாங்க. நாளைக்குக் காலையில ஒன்பது மணிக்கு வந்து முடிச்சுக் குடுத்துடறாங்களாம். நானும் வந்துடறேன். தரை எப்படி?”

முகாரி காலடியில் கிடந்த பந்தைப் பார்த்தார்.

“தரை... இருக்கு மச்சான்.”

“இருக்குன்னா? போன தடவை மாதிரி ஒண்ணும் இல்லையே?”

“சேச்சே.”

போன தடவை நடந்ததை அந்தக் குடும்பத்தில் யாரும் மறக்கவில்லை. இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு பள்ளிக்கூட அரங்கில் முகாரி போட்ட தரை, டெஸ்டில் தோற்று, மொத்தமாகப் பெயர்த்து எடுக்கப்பட்டது. அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை, குடும்பமே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மச்சான் நிதானமாகச் சொன்னார்: “இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா, மாப்பிள்ளை, நீங்க ஷோரூம்ல உட்கார்ந்து வர்றவங்களுக்குத் தண்ணி குடுங்க. தரைப் பக்கமே வர வேண்டாம்.” மாமியார் மட்டும், “ஏசி ரூம்தானே, நல்லதுதான்” என்று ஆறுதல் சொன்னார்.

ஷோரூமில், பிளாஸ்டிக் செடிக்குப் பக்கத்தில், அந்தச் சுழல் நாற்காலி அன்றிலிருந்து காலியாகவே இருக்கிறது. முகாரிக்கு வேறு வேலை தெரியாது. வேறு எதிலும் அவருக்குப் பெருமையும் கிடையாது. அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தால் அதோடு தான் ஒன்றுமில்லாமல் போய்விடுவோம் என்று அவர் மனதார நம்பினார்.

அரங்கில் அவரைத் தவிர இருந்தது வாட்ச்மேன் மட்டும்தான். அதிகம் பேசாத, நல்ல உடல்வாகு கொண்ட மனிதர்.

“இந்தப் பக்கம் கொஞ்சம் பிடிக்கிறீங்களா?”

“பிடிக்கிறேன் சார்.”

போல்ட்டுகளைக் கழற்றி, நாற்பத்தேழாவது பலகையைத் தூக்கிச் சாய்த்தார்கள். அடியில் இருபது பேடும் இருந்தன. நான்கு மட்டும் நசுங்கியது போலவும் இருந்தது, நசுங்காதது போலவும் இருந்தது. முகாரியின் கண்ணுக்கு நசுங்கியதாகத்தான் தெரிந்தது. அவர் கண் அப்படி.

கருவிப் பையில் நான்கு புதுப் பேடுகள் இருந்தன. மாற்றிப் பலகையை இறக்கினார். பந்தைப் போட்டார்.

டங்!

உதட்டோரம் ஏதோ அசைந்தது. சிரிப்பாக இருந்திருக்கலாம். அதை முடிப்பதற்குள் ஒரு அடி எடுத்து வைத்தார்; கால் கட்டைவிரல் எதிலோ தட்டி, வீங்கிய முட்டி முதலில் தரையைத் தொட, குப்புற விழுந்தார்.

புதுப் பேடு பழையதைவிடக் கொஞ்சம் கனம் கூட. பலகை ஒரு நாணயத்தின் கனத்துக்கு எழும்பி நின்றது.

“எனக்குத் தெரியும்” என்றார் தரையிலிருந்தபடியே.

“தண்ணி வேணுமா சார்?” என்றார் வாட்ச்மேன்.

தண்ணீர் என்ற சொல்லே முகாரிக்கு இப்போது ஆகவில்லை. எழுந்து, பலகையை மறுபடி சாய்த்து, புதுப் பேடுகளைக் கத்தியால் சீவினார். கொஞ்சம் கூடுதலாகச் சீவிவிட்டார். இறக்கிப் பார்த்தால் பலகை பள்ளமாகிவிட்டது. சரி, பக்கத்தில் உள்ள நான்கு பலகைகளையும் கொஞ்சம் சீவி இதனோடு சமமாக்கிவிடலாம் என்று தோன்றியது. சமமாக்கினார். இப்போது அந்த ஐந்தும் சேர்ந்து பள்ளமாகத் தெரிந்தன. அவற்றைச் சுற்றியிருந்த எட்டைத் திறந்தார். முடிவெட்டுகிறவர் ஒரு பக்கத்துக் கிருதாவைப் பார்த்து மறு பக்கத்தைக் குறைத்துக்கொண்டே போவாரே, அந்த மாதிரி வேலை அது. எங்கேயாவது நிறுத்த வேண்டும் என்று தெரியும். எங்கே என்றுதான் தெரியாது.

மதியம் மனைவி சாப்பாட்டுக் கூடையும் தைலமுமாக வந்தாள். அரங்கின் இடது பாதியில் பலகைகள் சாய்ந்து கிடக்க, நடுவில் ரப்பர்த் தூள் மண்டிய முகத்தோடு கணவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள்.

“என்னங்க இது கோலம்?”

“ஒரு பலகை சரியில்லை.”

“ஒரு பலகையா?”

“ஆரம்பத்துல ஒண்ணுதான்.”

அவள் கூடையைக் கீழே வைத்தாள். “அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா புது ரப்பர் அனுப்பிடுவாரே?”

“ரப்பர் வராது. நாற்காலிதான் வரும்.”

அவளுக்கு அது புரிந்தது. அண்ணன் மேல் உயிர்தான். ஆனாலும் கணவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் தண்ணீர் நீட்டுவதை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கத்தியை வாங்கினாள்.

“எவ்வளவு சீவணும்?”

“ஒரு தாள் அளவு.”

காய் நறுக்கிப் பழகிய கை. ஒரு தாள் என்றால் அவள் கணக்கில் அது ஒரு அட்டை. நாற்பது பேடுகளை அவள் சீவி முடித்த பிறகுதான் முகாரி திரும்பிப் பார்த்தார். ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“கூடிப் போச்சா?”

“பரவாயில்லை. கொஞ்சம் முட்டுக் குடுத்துக்கலாம்.”

முட்டுக் கொடுக்க ரப்பர் வேண்டுமே. அவள் வீட்டுக்கு ஓடிப்போய் குளியலறை மிதியடி இரண்டும், பழைய ரப்பர்ச் செருப்பு மூன்று ஜோடியும் கொண்டு வந்தாள். வெட்டி வெட்டி வைத்தார்கள். வாட்ச்மேன் சலிக்காமல் தூக்கினார், சாய்த்தார், இறக்கினார். தூக்கச் சொன்னால் தூக்குவதும் இறக்கச் சொன்னால் இறக்குவதுமாக அவர் பாட்டுக்கு இருந்தார்.

மூன்று மணிக்கு முப்பத்தொரு பலகைகள் ஆகியிருந்தன. முகாரி எழுந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு பந்தைப் போட்டார். அது டங் என்றும் சொல்லவில்லை, தொப் என்றும் சொல்லவில்லை. தரையில் விழுந்து, ஒரு கணம் யோசித்து, தானாகவே உருண்டு போய் சுவரோரம் நின்றுகொண்டது. பந்துக்கே அந்த இடம் பிடிக்கவில்லை.

முகாரி மெதுவாக உட்கார்ந்தார். மூக்குக்கண்ணாடி வியர்வையில் வழுக்கிக் கீழே விழுந்தது. அழுகை வந்தது, அழவும் செய்தார், கொஞ்சமாக, மனைவி பார்க்காதபடி. அவள் பார்த்தாள். பார்க்காத மாதிரி தைலத்தைத் திறந்தாள்.

கண்ணாடியைத் தடவித் தேடும்போதுதான் அதைக் கண்டார். ஒரு பலகையின் நடுவில், லேசாக, சாக்பீஸில் போட்ட ஒரு பெருக்கல் குறி. நின்று பார்த்தால் தெரியாது. தவழ்ந்து கொஞ்சம் தள்ளிப் போனார். இன்னொன்று. அப்புறம் இன்னொன்று.

மொத்தம் பன்னிரண்டு. எல்லாமே இடது பாதியில். வலது பாதியில் ஒன்றுகூட இல்லை.

“இந்தக் குறியெல்லாம் யார் போட்டது?” என்று வாட்ச்மேனைக் கேட்டார்.

“டெஸ்ட்காரங்க சார்.”

முகாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தார்.

“அவங்க இங்க வந்தாங்களா? எப்ப?”

“திங்கட்கிழமை சார். நீங்க படுத்திருந்தீங்களே, அப்ப.”

“வந்து குறி போட்டுட்டுப் போனாங்களா?”

“ஆமா சார். போட்டுட்டுத்தான் போனாங்க.”

முகாரிக்கு எல்லாம் வெளிச்சமாகிவிட்டது. பரிசோதனைக்காரர்களைப் பற்றி அவருக்கு எப்போதுமே நல்ல அபிப்பிராயம் கிடையாது. முன்கூட்டியே வந்து, எங்கே எடையைப் போட்டு அளப்பது என்று இடம் குறித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இரண்டு பாதிக்கும் அலைய சோம்பல். ஒரு பாதியைப் பார்த்துவிட்டு மொத்தத்துக்கும் கையெழுத்துப் போட்டுவிடும் கூட்டம். நாற்பத்தேழாவது பலகையிலும் ஒரு குறி இருந்தது.

“பார்த்தியா! சரியா அதுலயே கண்ணை வச்சிருக்கான் படுபாவி!” என்றார் மனைவியிடம்.

பிறகு வலது பாதியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அங்கே அறுபது பலகைகள், ஒவ்வொன்றின் அடியிலும் கத்தி படாத இருபது பேடுகள்.

“என்ன யோசிக்கிறீங்க?” என்றாள் மனைவி. அவளுக்குக் குரலே மாறிவிட்டது.

“அங்க இருக்கிற ரப்பரை எடுத்து இந்தப் பக்கம் வச்சுட்டா, இந்தப் பாதி சரியாயிடும்.”

“அந்தப் பாதி?”

“அந்தப் பாதிக்கு இது.” காலடியில் குவிந்து கிடந்த சீவல்களையும் செருப்புத் துண்டுகளையும் காட்டினார். “டெஸ்ட் முடிஞ்ச மறுநாளே புதுசு வாங்கி மாத்திடுவேன். சத்தியமா மாத்திடுவேன்.”

“அதுக்குள்ள பிள்ளைங்க யாராவது வந்து அந்தப் பக்கம் குதிச்சா?”

விழுகிறவர்கள் இடம் பார்த்தா விழுவார்கள் என்று பட்டறையில் ஆயிரம் தடவை சொன்னவர் முகாரி. ஒரு பேடு குறைந்தால்கூட ஆட்களிடம் சண்டை போட்டவர். இருபது வருடத்தில் எத்தனையோ முறை தோற்றிருக்கிறார், ஏமாற்றியதில்லை. வெட்கம் அவர் காது நுனிவரை ஏறியது. ஆனால் அந்தச் சுழல் நாற்காலியும் பிளாஸ்டிக் செடியும் கண்ணை விட்டுப் போகவில்லை.

“வலது பக்கம் போவோமா?” என்றார் வாட்ச்மேனிடம், முகத்தைப் பார்க்காமல்.

“போவோம் சார்.”

பொழுது சாய்வதற்குள் பாதி முடிந்தது. மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக மூவரும் மீண்டும் வந்து மீதியை முடித்தார்கள். வலது பாதியில் முப்பத்தொரு பலகைகளுக்கு அடியிலிருந்த ரப்பர் இடது பாதிக்குக் குடிபோனது. இடது பாதியின் சீவல், மிதியடி, செருப்பு எல்லாம் வலது பாதிக்கு வந்து சேர்ந்தது. மேலே பலகை மூடியதும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அதுதான் அந்தத் தொழிலின் சாபமும் வசதியும்.

குறி போட்ட பன்னிரண்டு பலகைகளிலும் முகாரி பந்தைப் போட்டுப் பார்த்தார். டங், டங், டங். மணி அடித்தாற்போல். மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, “சாயங்காலம் வாங்க” என்று சொல்லிவிட்டு, காலில் கிடந்த செருப்பையும் பலகைக்குக் கொடுத்துவிட்ட வெறுங்காலோடு வீட்டுக்கு நடந்தாள்.

எட்டே முக்காலுக்கு மச்சான் வந்தார். வந்ததும் பந்தை வாங்கி இடது பாதியில் ஒரு போடு போட்டார். அது அவர் மூக்கு வரைக்கும் எழும்பியது.

“மாப்பிள்ளை! அசத்திட்டீங்க! போன தடவை நான் கொஞ்சம் அதிகமாவே பேசிட்டேன். மனசுல வச்சுக்காதீங்க. அடுத்த ரெண்டு அரங்கத்துக்கும் நீங்கதான்.”

“ஏதோ மச்சான்.”

“இப்பவாவது முகத்தைக் கொஞ்சம் சிரிச்ச மாதிரி வைங்க.”

முகாரி வைத்தார். வலித்தது. ஆனாலும் உள்ளே ஏதோ இறங்கி லேசானது. ‘இது எதுல போய் முடியுமோ’ என்று நாக்கு நுனிவரை வந்ததை, வாழ்க்கையில் முதல் முறையாக, அவர் சொல்லாமல் விழுங்கினார்.

ஒன்பது அடிக்கும்போது டெஸ்ட்காரர்கள் வந்தார்கள். கையில் தாள் அட்டையோடு ஒரு அம்மா. அவருக்குப் பின்னால், மூன்று கால் உள்ள இரும்புக் கருவியையும் இருபது கிலோ எடையையும் சுமந்துகொண்டு ஒரு ஆள். மேலிருந்து எடையைத் தரையில் போட்டு, தரை எவ்வளவு அடியை வாங்கிக்கொள்கிறது என்று அந்தக் கருவி எண்ணில் சொல்லிவிடும். அதனிடம் கெஞ்ச முடியாது.

அந்த அம்மா எல்லாருக்கும் பொதுவாக ஒரு தலையசைப்புக் கொடுத்துவிட்டு நடந்தார். முதல் குறியைத் தாண்டினார். முகாரி, பரவாயில்லை, அடுத்ததில் ஆரம்பிப்பார் என்று நினைத்தார். அடுத்ததையும் தாண்டினார். நாற்பத்தேழாவது பலகையின் மேல் குறுக்கே நடந்து, பார்க்காமலேயே போனார். இடது பாதி முடிந்தது. நடுக்கோடு முடிந்தது.

வலது பாதியின் நடுவில் வந்து நின்று, காலால் ஒரு பலகையைத் தட்டி, “இங்கே வை” என்றார்.

முகாரிக்கு அந்தப் பலகையைத் தெரியும். அதன் அடியில் சரியாக நடுவில் இருந்தது, அவர் மனைவியின் இடது கால் செருப்பு.

கருவியின் மூன்று கால்களும் விரிந்தன. எடை மேலே ஏறியது. மச்சான் கையைக் கட்டிக்கொண்டு, வெற்றிப் புன்னகையோடு பக்கத்தில் போய் நின்றார். முகாரி நொண்டிக்கொண்டே வாசலுக்குப் போய், வாட்ச்மேனின் சட்டைக் கையைப் பிடித்தார். குரல் காற்றாகத்தான் வந்தது.

“குறியெல்லாம் அந்தப் பக்கம் போட்டுட்டு, இவங்க ஏன்யா இந்தப் பக்கம் வைக்கிறாங்க?”

“குறி போட்டதெல்லாம் திங்கட்கிழமையே பார்த்து முடிச்சதுதானே சார்” என்றார் வாட்ச்மேன். “இந்த மாதிரி தரையைப் பார்த்ததே இல்லை, அந்தப் பாதி அத்தனையும் பாஸ்னு சொல்லிட்டு, மெஷின்ல சார்ஜ் தீர்ந்துடுச்சேன்னு மீதிப் பாதியை இன்னைக்குத் தள்ளி வச்சுட்டுப் போனாங்க.”